வசனம் இல்லாத அப்பா

இருபத்தாறு வருஷமாகப் பிச்சைமுத்துவுக்கு வாய்த்ததெல்லாம் தோட்டத்து ஆள்களை மேய்க்கும் மண்டோர், வட்டிக்காரன், பெண்ணைப் பெற்றவன் என்று இரண்டு மூன்று காட்சிகளில் வந்துபோகும் வேடங்கள்தான். அவர் முகம் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் ஈப்போ சந்தையில் அவர் மீன் விலை கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியொரு குரல்.

போன தைப்பூசத்துக்கு மறுவாரம் அந்தக் குரலைப் பக்கவாதம் கொண்டுபோயிற்று. கைகால் ஓரளவு தேறின. பேச்சு தேறவில்லை. மனதுக்குள் வாக்கியம் முழுசாக நிற்கும்; வாயைத் திறந்தால் வெறும் ஓசைதான் விழும். போதாக்குறைக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அக்காவின் சாவு வீட்டில் அவர் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்தபின் மனைவி கலாதேவி வாராந்தரப் பேச்சுப் பயிற்சிக்குத் தவிர அவரை வேறெங்கும் அழைத்துப் போவதில்லை.

ஆறு மாதம் கழித்து இயக்குநர் ஷர்வின் வீட்டுக்கே வந்தான்.

"அண்ணே, படுத்த படுக்கையா கெடக்குற அப்பா ரோல். டயலாக்கே இல்ல. நீங்க சும்மா படுத்திருந்தா போதும்லா."

"அவரால முடியாது தம்பி," என்றாள் கலாதேவி.

பிச்சைமுத்து இடது கையால் ஷர்வினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பர்ப் பால் தந்த கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட ஒரு தோட்டத்தில், இடியாமல் மிஞ்சிய தொழிலாளர் லயத்து வீட்டில் படப்பிடிப்பு. மகனின் பிணத்தைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். கட்டிலில் கிடக்கும் தகப்பன் பார்த்து அழவேண்டும். அவ்வளவுதான்.

பிச்சைமுத்து மனதைத் திரட்டினார். அக்காவை நினைத்தார். துக்கம் நெஞ்சு வரைக்கும் வந்தது. உதடு கோணியது. ஹெ ஹெ என்று சிரித்துவிட்டார்.

"பரவால்லண்ணே. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை. அதற்கடுத்தும். கூச்சம் ஏற ஏறச் சிரிப்பும் ஏறியது. பிணமாகப் படுத்திருந்த பையனே எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தான். 'தம்பி, நான் உள்ள அழுதுகிட்டுத்தான் இருக்கேன்' என்று அவர் சொல்ல நினைத்தார். எச்சில்தான் வழிந்தது.

ஏழாவது தடவை ஷர்வின் தொப்பியைக் கழற்றினான். கலாதேவியிடம் போய்த் தணிந்த குரலில், "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வெளிச்சம் போகுது," என்றான்.

வேன் ஓட்டி வந்த மகேந்திரனைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பிச்சைமுத்துவின் சட்டையையே கழற்றி அவனுக்கு மாட்டினார்கள். கேமரா பின்னாலிருந்து எடுத்தது. நரை பூசிய பின்மண்டையும் குலுங்கும் தோளும் மட்டும். ஒரே டேக். எல்லாரும் கைதட்டினார்கள். பிச்சைமுத்து பனியனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

தீபாவளிக்குப் படம் டிவியில் வந்தது. பக்கத்து வீட்டு விமலா ஓடிவந்தாள். "அண்ணே! மூஞ்சியே காட்டாம அழ வெச்சிட்டீங்களே! இத்தன வருஷத்துல இதான் உங்க பெஸ்ட்டு!"

கலாதேவி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். கணவரைப் பார்த்தாள். "ஆமா விமலா," என்றாள், "நல்லா செஞ்சிருந்தாரு."

அந்த வாரம் பேச்சுப் பயிற்சிக்குக் கிளம்பச் சொன்னபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவள் கூப்பிடவில்லை.