விற்ற வீட்டில் செத்தவீடு

"ஐயா, திறப்பைத் தாங்கோ. வயர் உள்ளுக்காலைதான் இழுக்கவேணும்," என்றான் பந்தல்காரன்.

சோமசேகரம் அப்போதுதான் ஓட்டோவை விட்டு இறங்கியிருந்தார். முற்றத்தில் கம்பிகள் நட்டு, வெள்ளைத் துணி பாதி கட்டியாயிற்று. அவருடைய தங்கை அருமைநாயகி முதல்நாள் பின்னேரம் மானிப்பாய் ஆஸ்பத்திரியில் காலமானாள். அளவெட்டியிலுள்ள இது அவள் பிறந்த வீடு. பிறகு அவளுக்கே சீதனமாகவும் வந்த வீடு. ஆனால் கதவைத் திறக்கத் திறப்பு அவரிடம் இல்லை. வீட்டை விற்றாயிற்று. அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

"கொஞ்சம் பொறு," என்று வேலியோரம் போய், ரொறன்ரோவிலிருக்கும் அவளுடைய மகனை அழைத்தார்.

"சுகிர்தன், மரண அறிவித்தலிலை எந்த விலாசத்தைக் குடுத்தனி?"

"அளவெட்டி வீட்டு விலாசந்தான் மாமா." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "நினைக்கேல்லை மாமா. கை தன்பாட்டிலை அடிச்சிட்டுது."

"விக்கச் சொன்னதும் நீதானே."

"ஓம் மாமா."

அதற்குமேல் அவனோடு கதைத்து என்ன. அறிவித்தல் ரேடியோவிலும் போய்விட்டது.

வெளிநாட்டுக் காசு வந்து ஊர்க் காணிகளின் விலையை ஏற்றிவிட்டிருந்தது. இப்போது விற்காவிட்டால் பிறகு விழுந்துவிடும் என்று சுகிர்தன் நெருக்கினான். அருமைநாயகி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். காணி விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்கவேண்டும். பங்காளி ஆழ்வாப்பிள்ளை மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். கேட்டால் அரைவிலை சொல்வார். இந்தக் குடும்பம் விற்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று கோயிலடியிலும் சொல்வார். சோமசேகரம் கேட்கவில்லை. குருநகர் எமில்ராஜுக்குச் சுன்னாகத்தில் ஒரு நொத்தாரிசிடம் வைத்து உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர்கள் குடிவரும்வரை வெளியே தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். தங்கையை மானிப்பாயில் தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வைத்து வருத்தம் பார்க்க என்று ஊருக்குச் சொன்னார்.

சோமசேகரம் போனில் வரச்சொல்ல, எமில்ராஜ் மனைவி யசிந்தாவோடு வந்து ஒழுங்கையில் வானை நிறுத்தினார். யாரிடமும் போய் ஒன்றைக் கேட்டுச் சோமசேகரத்துக்குப் பழக்கமில்லை.

"பெட்டி வந்துகொண்டிருக்குது," என்றார். "சனமும் இஞ்சைதான் வரும்."

யசிந்தா கணவனுக்கு முந்திக்கொண்டாள். "சனிக்கிழமை பாதர் வந்து வீடு மந்திரிக்க இருக்கு. நாங்கள் இன்னும் பால்கூடக் காய்ச்சேல்லை. அதுக்கு முன்னம் சவத்தைக் கிடத்தச் சொல்லுறியளோ?"

"சும்மா இரும். மனிசி பிறந்த வீடு," என்றார் எமில்ராஜ். திறப்புக் கோர்வையைக் கையில் உருட்டினார். "நான் மாட்டனெண்டு சொல்லேல்லை ஐயா. ஒண்டு மட்டும். வாங்கின நாள் தொடக்கம் களவெடுக்க வந்தவன் மாதிரி, இருட்டினாப் பிறகுதான் இந்த ஒழுங்கைக்குள்ளை வந்து போறன். ஆரும் என்னை ஆரெண்டு கேட்டா ஒளியாமல் சொல்லுங்கோ."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தானே எல்லாரும் வருவினம்."

பந்தல்காரன் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தபடி நின்றான். ஒழுங்கை முனையில் முதல் கார் திரும்பியது.

"சரி," என்றார் சோமசேகரம்.

"அப்ப கதவைத் திறந்து லைற்றுகளைப் போடுங்கோ," என்றாள் யசிந்தா. "செத்தவளையும் இருட்டுக்கை ஒளிச்சு வைக்கப்போறியளே?"

பெட்டியை விறாந்தையில் வைத்தார்கள். சனம் வந்தது. பெண்கள் அழுது ஓய்ந்த இடைவெளியில், பந்தலுக்குள் இரண்டுபேர் காணி ஒரு பரப்பு என்ன விலை போகிறது என்று தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை வந்து சோமசேகரத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சுகிர்தன் இனி இதை விக்கத்தான் பாப்பான், சேகரம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு. பிறத்தியாருக்குப் போகவிடப்படாது."

சோமசேகரம் வந்த ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது சரி, உவர் ஆர்? திறப்போடை அறைக்கும் விறாந்தைக்குமா நடக்கிறார்."

எமில்ராஜ் எட்டும் தூரத்தில் கதிரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுகிர்தனின் சிநேகிதன் என்ற பொய் சோமசேகரத்தின் நாக்கில் தயாராக இருந்தது.

"வீட்டுக்காரர்," என்றார்.

"எந்த வீட்டுக்கு?"

"இந்த வீட்டுக்கு. வித்திட்டம்."

ஆழ்வாப்பிள்ளை பெட்டியைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

ஆழ்வாப்பிள்ளை எழுந்து போய் வாய்க்கரிசி போட்டார். அருமைநாயகியின் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டார். பிறகு சோமசேகரத்தின் பக்கம் பாராமல் தன் வீட்டுக்குப் போனார். பந்தலுக்குள் அந்தச் செய்தி கதிரை கதிரையாக நகர்வது சோமசேகரத்துக்குத் தெரிந்தது. நிமிர்ந்தே இருந்தார். பெட்டியைத் தூக்கும்போது பங்காளி பிடிக்கவேண்டிய பக்கத்தைப் பந்தல்காரன் வந்து பிடித்தான்.

சுடலையால் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. யசிந்தாவும் சொந்தக்காரப் பெண்களும் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுடலைக்குப் போனவர்கள் முழுகும்வரை ஆளையோ பொருளையோ தொடுவதில்லை. ஒவ்வொருவராகக் கிணற்றடிக்குப் போனார்கள்.

"வாளியும் துவாயும் வைச்சிருக்கு," என்றார் எமில்ராஜ். "முழுகிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ ஐயா."

சோமசேகரம் ஒழுங்கையிலேயே நின்றார்.

"நான் வீட்டை போய் முழுகிறன்."

எமில்ராஜ் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மானிப்பாய் பஸ்ஸில் சனம் குறைவு. சோமசேகரம் நடுவில், ஒன்றிலும் சாயாமல் நின்றார்.

"சீற் எல்லாம் வெறுமனே கிடக்குது. இருங்கோவன் ஐயா," என்றார் கொண்டக்டர்.

"வேண்டாம்."

"அப்ப கம்பியையாவது பிடியுங்கோ."

அவர் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். பஸ் குலுங்கியபோதெல்லாம் கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தார்.