முருங்கை இலை வந்த வழி

தண்ணீர்க் குழாயை நாகஜோதி மூடியிருந்தாள். வாஷிங் மெஷினின் பிளக்கையும் பிடுங்கியிருந்தாள். இரண்டாவது ஈடு துணியை மாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், பின்கட்டிலிருந்து நடு அறைவரை தண்ணீர் பரவி நின்றது.

இது மூன்றாவது தடவை.

மாமனார் செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "இந்தா பாரு ஜோதி, செவ்வாக்கிழமை மிளகா மூட்டையெல்லாம் இங்கனதான் அடுக்கணும். அடிமூட்டை நனைஞ்சா பூசணம் பிடிச்சு அம்புட்டும் போயிரும். அதுக்குள்ள இந்த மெஷின் போயிறணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. காய்ந்த குண்டு மிளகாய் ஈரத்தைத் தாங்காது. அந்த வீட்டுக்கு வருசத்துக்கு ஒரு வெள்ளாமை அதுதான். ஆனால் நாகஜோதிக்கும் ஒரு கணக்கு இருந்தது. பகல் முழுக்க மிளகாய்ப் பழம் பறித்த விரல்கள் நெருப்பில் வைத்ததுபோல் எரியும். அந்த விரல்களால் சோப்புப் போட்டுத் துவைப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. மெஷின் போனால் அவள் மறுபடி துவைக்கிற கல்லுக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வசந்தகுமார் ராமநாதபுரத்திலிருந்து வந்தான். மெஷினைச் சாய்த்துப் பார்த்தான், டார்ச் அடித்துப் பார்த்தான், ஒரு தடவை முழுசாக ஓடவிட்டும் பார்த்தான். தரை காய்ந்தே கிடந்தது.

"மெஷின்ல குத்தமில்லக்கா. டியூப்புல ஓட்டை இல்ல, தொட்டியில கீறல் இல்ல."

"அப்ப தண்ணி வானத்துலருந்தா வருது?"

"நம்ம ஊருல அப்படி வந்தாத்தான் அதிசயம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவன் போன பிறகு, முந்தின நாள் தண்ணீரைத் துடைத்துப் போட்டிருந்த துணியை அலச எடுத்தபோதுதான் நாகஜோதி அதைக் கவனித்தாள். துணியில் ஒரு முருங்கை இலை ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகமளவு இருக்கும். துணியிலிருந்து பிழிந்து விழுந்த தண்ணீரும் சோப்பு நுரையோடு கலங்கலாக இருந்தது. மெஷின் கடைசியாகத் துணியை அலசுவது நல்ல தண்ணீரில். அந்தத் தண்ணீர்தான் கசிந்ததென்றால் தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்?

முருங்கை மரம் கொல்லையில் நின்றது. அதன் அடியில் நீல டிரம். துவைத்த தண்ணீரைத் தரையில் விட அந்த வீட்டில் யாருக்கும் மனசு வராது. அதனால் அவள் புருசன் காளிதாஸ் மெஷினின் கழிவுக் குழாயோடு நீளமான டியூப்பைச் சேர்த்து, ஜன்னல் வழியாக டிரம்முக்குள் விட்டிருந்தான். அடியில் குடம் வைத்துப் பிடிக்க வசதியாக டிரம்மை ஹாலோ பிளாக் கற்கள்மேல் ஏற்றி வைத்திருந்தான். டியூப் துள்ளி வெளியே விழாமலிருக்க, முனையை ஒரு முழம் உள்ளே இறக்கிக் கட்டியிருந்தான். சேரும் தண்ணீர் தென்னங்கன்றுகளுக்குப் போகும்.

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். கலங்கல் தண்ணீர்மேல் முருங்கை இலைகள் மிதந்தன. மெஷினிலிருந்து டிரம்முக்குத் தண்ணீர் போகும், சரி. டிரம்மிலிருந்து மெஷினுக்கு எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமை, டிரம் தண்ணீரை வழக்கம்போலக் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, வேண்டுமென்றே இரண்டு ஈடு போட்டாள். முதல் ஈடு முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, துணியை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மெஷினுக்குள் மெல்லக் கொடகொடவென்று சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தாள். காலித் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதில் ஓர் இலை சுற்றியது.

"ஏங்க, இங்கன வாங்க. டிரம்முல இருக்க டியூப்பை வெளிய தூக்குங்க."

காளிதாஸ் தூக்கினான். தண்ணீர் ஏறுவது நின்றது.

அவன் டியூப்பும் கையுமாக ஜன்னல் பக்கம் வந்தான். "அட, டிராக்டர்லருந்து கேனுக்கு டீசல் எடுப்போமே, அதேதான். ஒரு தடவ வாய வச்சு உறிஞ்சிட்டா அப்பறம் தானா வரும்."

"இதுல யாரு உறிஞ்சுனா?"

"உறிஞ்ச வேண்டியதில்ல. மெஷின் தண்ணிய ஏத்தும்போதே டியூப்பு நெறஞ்சு போச்சுல்ல."

மிச்சத்தை நாகஜோதி ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டாள். ஒரு ஈடு தண்ணீருக்கு டிரம் பாதியைத் தாண்டாது. டியூப்பின் முனை காற்றில் தொங்கும். மெஷின் நின்றதும் காற்று உள்ளே புகுந்துவிடும், தண்ணீர் திரும்பாது. இரண்டு ஈடு போட்டால் முனை முழுகிவிடும். கல்மேல் ஏறி நிற்கும் டிரம்மின் தண்ணீர் மெஷின் தொட்டியைவிட உயரம். மெஷின் தள்ளுவதை நிறுத்தியதும், போன தண்ணீர் அதே வழியில் திரும்பி வந்து தொட்டியை நிரப்பி வழியும். மெக்கானிக் வந்த அன்று விடியலில் அவள் டிரம்மைக் கன்றுகளுக்குக் காலி செய்திருந்தாள்; அவன் ஓட்டிப் பார்த்ததும் ஒரே ஈடுதான்.

"ஏலே, கட்டுனவன் நீ, ஏச்சு வாங்குனது அவளா?" என்றார் செல்லச்சாமி.

காளிதாஸ் கத்தியை எடுத்து டியூப்பில் ஒரு முழத்தை வெட்டி எறிந்தான்.

திங்கட்கிழமை மறுபடி இரண்டு ஈடு ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து செல்லச்சாமி நடு அறையில் குனிந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு மூட்டை அடுக்கப் பலகையை எடுத்து வரச் சொன்னார்.

டியூப்பின் வாய் இப்போது டிரம்மின் விளிம்புக்குமேல், ஒரு கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது. விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே ஒரு துளை. கூடுதல் தண்ணீர் அதன் வழியே தென்னங்கன்றுக்குப் போய்விடும். டிரம் எவ்வளவு நிரம்பினாலும் தண்ணீர் டியூப்பின் வாயைத் தொடாது.