சுழி வராத கையெழுத்து

விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவும் மகளும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடப் பழகியிருந்தார்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத்துக் கடிதம், விவாகரத்துத் தீர்ப்பின் நகல், அந்த நகல் ஒழுங்கான நகல்தான் என்று சொல்ல இன்னொரு சான்றிதழ். எதிரே உட்கார்ந்து ஒரு குழந்தை காலாட்டிக்கொண்டிருந்தாலும், அது பிறந்ததை முத்திரை பார்த்துத்தான் நம்புவார்கள்.

அவள் பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்ப்பவள். முன்பின் தெரியாதவர்களின் ஈறு அச்சை வைத்துக்கொண்டு, அந்த வாயில் இருந்திருக்க வேண்டிய பல்லை மெழுகில் செதுக்கிக் கொடுப்பாள். அந்தக் கைக்குத்தான் வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் எல்லாக் காகிதமும் வந்து சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள். மகளை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போவதென்றால் பாதிக் காகிதம் வேண்டியதில்லை. மகளுக்கு ஒன்பது வயது, வீட்டில் கூப்பிடுவது சிண்டு என்று. அவளை விட்டுவிட்டுப் போகும் பேச்சுக்கே இடமில்லை.

குழந்தையை நிரந்தரமாக அழைத்துப் போக அப்பாவின் சம்மதம் வேண்டும். அங்கேதான் தகராறு காத்திருக்கிறது என்று லேப்பில் ஆளாளுக்கு ஆருடம் சொன்னார்கள். ஒரு தகராறும் வரவில்லை. சிண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போட்டது போட்டபடி ஓடுவார். சொந்த வீட்டில் ஒருத்தி மாட்டிக்கொண்டு கிடந்தது மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. பெரிய சண்டைகூடப் போடாமல் பிரிந்தவர்கள் அவர்கள். போனில் விஷயத்தைச் சொன்னாள். எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கேட்டார்.

அவளுக்கு அதில் நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் மாதிரிதான். தொட்டால் தொட்டது தெரியும், அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

பாஸ்போர்ட் அலுவலகத்து ஜன்னலில் இருந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சம்மதக் கடிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சிண்டுவின் பழைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். கோப்பில் இருப்பது போலவே போட்டுக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் விசாரணைக்கு அனுப்புவார்கள், அது முடிய மூன்று மாதமாவது ஆகும். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவளும் அவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"அது நான் போட்டதில்லையே," என்றார் அவர்.

"நான் போட்டது."

சிண்டு கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. அவர் ஏதோ வெளியூர் ஆஸ்பத்திரியில் லிஃப்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். நீயே போட்டுடு என்றார் போனில், போட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூட ரிப்போர்ட், சுற்றுலா அனுமதி என்று அப்பா போட வேண்டிய இடத்திலெல்லாம் அவளேதான் போட்டாள். அவருடைய அசல் கையெழுத்து, பஸ் பிடிக்க ஓடுகிறவன் போட்டது போல ஒரு கிறுக்கல். இவள் போட்டது நிறுத்தி நிதானமாக, முதலெழுத்துக்கு நல்ல வயிறு வைத்து, கடைசியில் கீழே இறங்கி ஒரு சுழி சுழித்து, மேலே ஒரு வால் இழுத்து முடியும். அந்த மனிதருக்கு இருந்திருக்க வேண்டிய பொறுமையெல்லாம் அதில் இருந்தது.

உள்ளே போய் உண்மையைச் சொன்னால் சம்மதக் கடிதம் மட்டுமில்லை, பாஸ்போர்ட்டே செல்லாது. இரண்டு பேருக்கும் அது புரிந்தது. அவர் பிடரியைச் சொறிந்தார்.

"அப்ப என் கையெழுத்தை நான் உன்கிட்டதான் கத்துக்கணும்," என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வருமுன் அவள் காகிதங்களைக் கட்டி அலமாரியில் வைத்து மேசையை ஒழித்தாள். அவர் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தார். சிண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வீட்டுக்கு வருவதே அதிசயம், வந்தவர் உட்கார்ந்து வீட்டுப்பாடம் வேறு எழுதுகிறார். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்பானர் பிடித்த கை பேனாவோடு மல்லுக்கட்டியது. வயிறு பெருத்துவிட்டது என்று ஒரு தப்பு, வால் கோணல் என்று ஒரு தப்பு. சிண்டு தயவு தாட்சண்யம் பார்க்காமல் சிவப்பில் தப்புக் குறி போட்டுத் தள்ளினாள். மூன்று பேரும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த மேசையை வாங்கிய நாள் முதல் அப்படி நடந்ததாக அவளுக்கு நினைவில்லை. நினைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினாள்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு அவள் சமையலறை வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலெழுத்து அச்சு அசலாக விழுந்தது. நடுவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுழிக்கு வந்ததும் கை நின்றது, கோடு சிக்கிக்கொண்டது. அடுத்த வரியிலும் அதே சிக்கல், அதற்கடுத்த வரியிலும் அதே இடத்தில் அதே சிக்கல். பழகாத கை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தப்புச் செய்யும். லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் பார்க்காத தப்பா? இவர் ஒரே விதமாகத் தப்புச் செய்துகொண்டிருந்தார்.

"இன்னும் சுழி வரலை," என்றார் அவர் தலை நிமிராமல்.

அவள் காலண்டரைப் பார்த்தாள். மாதக் கடைசி நெருங்கிவிட்டது, அது அவருக்கும் தெரியும்.

அவர் போன பிறகு பள்ளிக்கூடக் கடிதத்தின் இன்னொரு பிரதியைத் தேடிச் சிண்டுவின் பையைத் திறந்தாள். கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு தாள் நாலாக மடிந்திருந்தது, நோட்டிலிருந்து கிழித்தது. தாள் முழுக்க அவள் உண்டாக்கிய அந்தக் கையெழுத்து, அவர் கையால். வயிறு, சுழி, வால் என்று எதிலும் பிசகில்லை. சிவப்புப் பென்சில் அதில் படவே இல்லை.

சிண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

"போன வாரமே அப்பாவுக்கு வந்துடுச்சும்மா. அவர் கிழிச்சுப் போட்டது நாற்காலிக்குக் கீழ கிடந்துச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"ஏன்டி?"

"நீ பாத்தா, போதும் இனிமே வர வேணாம்னு சொல்லிடுவியே."

திட்ட வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது, கையும் வரவில்லை. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு அவருக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமை நேராக அலுவலகத்துக்கு வந்துவிடச் சொன்னாள். இன்னும் சரியாக வரவில்லையே என்று அவர் இழுத்தார். வந்துவிட்டது என்றாள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜன்னல் முன்னால் நின்று ஒரே மூச்சில் போட்டார். கண்ணாடிக்கார அம்மாள் பழைய தாளையும் புதுத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இதையே முதலில் போட்டிருந்தால் இத்தனை அலைச்சல் எதற்கு என்று கடிந்துகொண்டாள். பிறகு, குழந்தை நிரந்தரமாகப் போகிறது, அப்பாவுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அது போதாதாம், வாயால் சொல்ல வேண்டுமாம்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார், விட்டார்.

"இல்லைங்க," என்றார்.

முத்திரை விழுந்தது.

லிஃப்ட் காலியாகத்தான் நின்றது, இருந்தும் இருவரும் படியில் இறங்கினார்கள். கீழே தெருவுக்கு வந்ததும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கோ ஒரு கட்டிடத்தில் வேலை நிற்கிறது என்று முணுமுணுத்தார், ஆனால் நகரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றாள் அவள்.

"எதுக்கு? காரியம்தான் முடிஞ்சுதே."

"முடிஞ்சுதுன்னு நான் இன்னும் சிண்டுகிட்ட சொல்லலை."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஒன்று வந்தது. அவர் ஏறவில்லை, அடுத்ததில்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். கதவைத் திறந்த சிண்டு அப்பாவைப் பார்த்தாள், திரும்பி அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சிவப்புப் பென்சிலை எடுக்க ஓடினாள். அவர் உட்கார்ந்து எழுதினார். முதலெழுத்துக்கு நல்ல வயிறு, நடுவிலும் குறையில்லை, சுழியில் வழக்கமான சிக்கல். சிண்டு தப்பு போடவில்லை. நோட்டை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு விரல்நகத்தைக் கடித்தாள்.

அவள் நோட்டைக் கையில் எடுத்தாள். காகிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக முந்தின நாளே பதில் வந்திருந்தது. கிளம்ப இன்னும் எத்தனை ஞாயிறு மிச்சம் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சிண்டுவுக்கும் தெரியாமலிருக்காது. இத்தனை மாதம் எங்கோ போயிருந்த வலி அப்போது நெஞ்சுக்கு வந்தது. நோட்டை மேசையில் வைத்து, சுழி சிக்கிய இடத்தில் விரல் வைத்தாள்.

"தேறலை," என்றாள். "அடுத்த வாரமும் வரணும்."

சிண்டு அப்பாவுக்குப் புதுப் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.