விழிதியூரில் புளூட்டோ

பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து செல்வநாதன் சாருக்குக் கால்வலிதான் மிச்சம்.

காரைக்காலில் பூகோளம் நடத்துகிறவர் அவர். பள்ளிக் கண்காட்சிக்கு அதிகாரி வருகிறார், புதுசாக ஏதாவது செய்யுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னாலும் சொன்னார், மனுஷன் சூரியக் குடும்பத்தையே ரோட்டில் இறக்கிவிட்டார். பள்ளி வாசலில் சாத்திய மாட்டுவண்டிச் சக்கரம் சூரியன். நூற்றைம்பது மீட்டர் தள்ளி, குச்சி முனையில் ஒட்டிய சின்னக் கோலிக்குண்டு பூமி. குச்சிக்குக் குச்சி சிவப்புத் துணி. மூன்று நாள் வெயிலில் சைக்கிளைத் தள்ளித் தள்ளி அளந்ததில், ஆறாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால், விழிதியூர் வயல் வரப்பில் புளூட்டோ வந்து நின்றது. கடுகத்தனை.

வந்த அதிகாரி செவ்வாய் வரை நடந்தார். "வெயில் ஜாஸ்தியா இருக்கே" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்றிரவு செல்வநாதனுக்குக் காய்ச்சல் கண்டது.

எழுந்து நடமாடப் பத்து நாள் ஆயிற்று. மற்ற குச்சிகளைப் பையன்கள் பிடுங்கிவிட்டார்கள். கடைசிக் குச்சிக்கு மட்டும் யாரும் போகவில்லை. அவ்வளவு தூரம் எவன் போவான்? அலுத்துக்கொண்டே அவரே போனார்.

சுற்றிலும் சம்பா நடவு முடிந்து பச்சை கட்டியிருந்தது. குச்சி நின்ற வயலில் மட்டும் வெறும் தண்ணீர். ஓரத்தில் நாற்று உயரமாக வளர்ந்து நுனி பழுத்துக் கிடந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெண் அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"எப்ப எடுத்துக்குவீங்க சார்?"

"எதம்மா?"

"நெலத்ததான். டவுன்லேருந்து வரிசையா செவப்புக் குச்சி நட்டுக்கிட்டு வந்தீங்களே. மின்ன இப்புடி நட்டுத்தான் ரோட்டுக்கு மூணு மா நெலம் போச்சு. மிச்சம் இந்த மூணு மாதான். எடுக்கப்போற நெலத்துல நாத்து நட்டு என்னத்துக்குன்னு நடவு ஆள வேணாம்னுட்டேன்."

காசியம்மா என்று பெயர். புருஷன் இல்லை. இது சர்க்கார் குச்சி இல்லை, பிள்ளைகளுக்குக் காட்ட வைத்த ஒரு கிரகம் என்று செல்வநாதன் தட்டுத்தடுமாறிச் சொன்னார். நிலத்தை யாரும் எடுக்கப்போவதில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசத்துல அது எம்மாந்தூரம் சார்?"

"ஐந்நூத்தித் தொண்ணூறு கோடி கிலோமீட்டர்."

"அம்மாந்தூரத்துல கெடக்குறதுக்கு எடம் எங்க வரப்புலதான் கெடச்சுதா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. காய்ச்சலைவிட இது மோசம். காசியம்மா குச்சியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினாள். நாற்று முற்றிப் போயிருந்தது. வேர் பிடித்துக்கொண்டு பறிக்க வரவில்லை.

"நானும் எறங்கட்டுமாம்மா?"

"வேணாங்க," என்றாள் நிமிராமல். "நீங்க போயி பாடத்த நடத்துங்க."