கறுப்பு ரப்பர் மீன்

1986 ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை.

செராயா தோட்டத்து முன்னாள் மக்களின் ஒன்றுகூடலுக்காக அச்சிட்ட மலரில், முப்பத்தோராம் பக்கத்தில், மாயாண்டி என்னும் பால்வெட்டுத் தொழிலாளியைப் பற்றி, "அவசரகாலத்தில் ரப்பர் மீனுக்குள் உணவை ஒளித்துக் காட்டிலிருந்தவர்களுக்குக் கடத்தியவர்" என்று எழுதியிருக்கிறார்கள். இது பொய். அம்மலரில் நாற்பத்திரண்டு எழுத்துப்பிழைகள் உள்ளன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்தி மலர்க்குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் பக்கத்தின் ஓரத்தில் திருத்திவிட முடியவில்லை. இதற்குத் தனித் தாள்கள் வேண்டியிருக்கின்றன.

செராயா தோட்டம் லூபோக் சீனா என்னும் ஊரிலிருந்து மூன்று கல் தொலைவில், லிங்கி ஆற்றை ஒட்டி இருந்தது. 1950 முதல் எட்டு ஆண்டுகள் அங்கே நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 1951இல், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அதற்கு ஒரே வாசல். வாசலில் எப்போதும் துப்பாக்கியோடு காவலர்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியும் போகக் கூடாது. பால் வெட்டச் செல்பவர்கள் வெறுங்கையோடு போய், வேலை முடிந்து வேலிக்குள் வந்தபின்தான் சாப்பிட வேண்டும். காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போடுவது, அவசரகாலத்தை அறிவித்த வெள்ளைக்கார அரசின் திட்டம். அந்த ஆணையைத் தமிழாக்கி, வேலைக்குப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, உரக்கப் படித்துக் காட்டியவன் நான்தான். அரிசி, மாவு, சர்க்கரை, உப்பு, கருவாடு, மருந்து என்று பட்டியல் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை ஆற்றில் மீன் பிடிக்கலாம். ஆனால் தூண்டிலில் எதைக் கோப்பது? இறாலும் உணவு, கருவாட்டுத் துண்டும் உணவு, பிசைந்த மாவும் உணவு. மண்புழுவைக் கொடுவா மீன் ஏறிட்டும் பார்க்காது. இந்த இக்கட்டுக்கு வழி கண்டவர் மாயாண்டி. யாராலும் தின்ன முடியாத இரையை அவர் செய்தார்.

பலாக் கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு மீனைச் செதுக்கி, அதை ரப்பர் பாலில் முக்கிக் காயவைப்பார். மறுபடி முக்குவார். ஏழெட்டு முறை முக்கிக் காய்ந்தபின், கையுறையைக் கழற்றுவதுபோல் கட்டையிலிருந்து உரித்தெடுப்பார். உள்ளே வெறும் காற்று. வெளியே மெல்லிய தோல். வயிற்றைக் கீறித் தூண்டில் முள்ளைச் செருகி, கீறலைப் பாலாலேயே ஒட்டிவிடுவார். வாலை இலைபோல் மெலிதாக விட்டிருப்பார். தண்ணீரில் இழுத்தால் அந்த வால் துடிக்கும். முதன்முறை அதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. உயிரற்ற ஒன்று தன் விருப்பத்தோடு என்னை நோக்கி நீந்தி வந்தது.

மூன்று நிறங்களில் செய்வார். பாலின் வெண்மையை அப்படியே விட்டது ஒன்று. ரப்பர் தாள்களைப் புகையூட்டும் கொட்டகையில் இரண்டு நாள் தொங்கவிட்டுத் தேன்நிறமாக்கியது ஒன்று. விளக்குக் கரியைப் பாலில் கலந்து செய்த கறுப்பு ஒன்று. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை. வெயில் ஏறிப் பளபளக்கும் தண்ணீருக்குத் தேன்நிறம். மழை பெய்து ஆறு கலங்கினால் கறுப்பு. ஏனென்றால் கலங்கலில் மீன் நிறத்தைப் பார்ப்பதில்லை, நிழலைத்தான் பார்க்கிறது. மாயாண்டி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். இருந்தாலும் நான் அவரிடமிருந்து கற்ற இந்த மூன்று விதிகளைப்போல் விதிவிலக்கில்லாத விதிகளை வேறெங்கும் கற்றதில்லை. ஒருமுறை நான் அவசரப்பட்டுத் தூண்டிலை வீசப்போனபோது, கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மொதல்ல தண்ணியப் பாருங்க சார். மீன அப்புறம் பாக்கலாம்."

அவரை அண்ணன் என்று அழைத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் மனைவி பெத்தம்மாள் ஞாயிறுதோறும் வேலி ஓரம் வந்து நின்று, நாங்கள் வெறுங்கையோடு திரும்பினால் குழம்புக்கு அரைத்து வைத்த மசாலாவை யார் தலையில் தேய்ப்பது என்று கேட்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே வாழ்ந்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஒரு வெற்றிலையும் போட்டதில்லை என்பதைத் தோட்டமே அறியும்.

1952 அக்டோபர் முடிவிலிருந்து தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் என் தூண்டிலில் ஒன்றும் விழவில்லை. அவருக்கு விழுந்தது. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தம்புசாமிக்கு இது நல்ல வேடிக்கையாயிற்று. சம்பள நாளன்று, ஆட்கள் எல்லாரும் கேட்க, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என்னலா சார், ஆத்துல மீனுக்கும் பாடம் நடத்துறீங்களா? ஒங்க பிள்ளைங்க மாதிரியே அதுங்களும் வாயத் தொறக்க மாட்டேங்குதாம்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். மாயாண்டியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சனிக்கிழமை மாலை, நவம்பர் 15ஆம் நாள், மாயாண்டி தம் மீன்கள் அடங்கிய சிகரெட் டின்னை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளைக்கான மீனை நானே தேர்ந்து தனியே வைக்க வேண்டும். தாம் தலையிடப் போவதில்லை என்றார். அதுவரை யாருக்கும் அவர் தராத உரிமை அது. இரண்டு நாளாக மழை. கறுப்புத்தான் என்று உடனே எடுத்தேன். தேர்வு சரியே. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் நிறுத்தவில்லை. வாசனை இல்லாத இரையைப் பசித்த மீன் எதற்காகக் கவ்வும் என்னும் ஐயம் என்னை விடவில்லை. அடுப்படியில் பிலாச்சான் இருந்தது. இறாலை உப்பிட்டு இடித்துச் செய்த அதன் மணத்துக்கு மீன் ஓடி வரும் என்பது எல்லாரும் சொல்வது. சவரக் கத்தியால் கறுப்பு மீனின் வயிற்றைப் பிரித்தேன். கட்டைவிரல் அளவு பிலாச்சானை உள்ளே அடைத்தேன். பள்ளிக்குப் பின்னாலிருந்த ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் தேங்கியதைத் தொட்டு வந்து கீறலை ஒட்டினேன். தடைப் பட்டியலை உரக்கப் படித்தவனுக்கு, தான் செய்வது இன்னதென்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். இது மீனுக்கு இரை, மனிதனுக்கு உணவன்று என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மாயாண்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுத்துவிடுவார் என்பது மட்டுமே காரணம். காலையில் கறுப்பு மீனை டின்னில் மேலாக வைத்து அவரிடம் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்து, நான் சரியாகத் தேர்ந்ததற்காக என் தோளைத் தட்டினார்.

வாசலில் அன்று புதிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். வழக்கமாக டின்னைக் குலுக்கிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இவர் திறந்தார். முகர்ந்தார். பேனாக்கத்தியை எடுத்து ஒவ்வொரு மீனாகக் கிழித்தார். வெள்ளை மீனில் ஒன்றுமில்லை. தேன்நிறத்தில் ஒன்றுமில்லை. கறுப்பைக் கிழித்ததும் அதன் வயிற்றிலிருந்து பிலாச்சான் அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

ஞாயிறு என்பதால் கிராணி இல்லை. ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவனே. என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார் அதிகாரி. இவற்றைச் செய்தவர் யார் என்பது முதற்கேள்வி. தாமே செய்ததாக மாயாண்டி சொன்னார். அதைச் சரியாக மொழிபெயர்த்தேன். இதற்குள் உணவை வைத்தவர் யார் என்பது இரண்டாம் கேள்வி. அதைத் தமிழில் அவரிடம் கேட்டேன். என் குரல் நடுங்காமல் இருந்தது. இன்றும் அதை நினைத்தால் என்மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

மாயாண்டி அந்தப் பிலாச்சானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆற்றில் என் முறைக்காகக் காத்திருப்பாரே, அப்படிக் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அத நீங்களே தொரகிட்ட சொல்லுங்க சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். தமக்கு ஒன்றும் தெரியாது என்று மாயாண்டி சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவரைப் பின்புறம் கைகட்டி லாரியில் ஏற்றினார்கள். விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அது தேவைப்படவில்லை. தடுப்பு முகாமில் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். பெத்தம்மாள் என்னிடம்தான் வந்தார். அவருக்காக மூன்று மனுக்கள் எழுதினேன். மாயாண்டியின் உழைப்பையும் ஒழுக்கத்தையும் எடுத்துரைத்த அந்த மனுக்களில் ஒற்றுப்பிழைகூட இல்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாக்கியமும் இல்லை.

மார்ச்சு மாதம் முகாமிலிருந்து கடிதம் வந்தது. உடனிருந்த யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். பெத்தம்மாள் அதைப் பிரிக்காமலேயே கொண்டுவந்து, படிக்கச் சொல்லி என் முன்னால் அமர்ந்தார். உடல்நலம் விசாரித்து மூன்று வரிகள். நான்காவது வரி இது: "நான் உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை. கறுப்பு மீனுக்குள் இருந்ததை யார் வைத்தது என்று வாத்தியாரைக் கேள்." ஐந்தாவது வரியிலிருந்து கோழிகளைப் பற்றி எழுதியிருந்தார்.

மூன்றாம் வரியைப் படித்தேன். ஐந்தாம் வரியைப் படித்தேன்.

"அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார் பெத்தம்மாள். "அந்தப் பிலாச்சானப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

இல்லை என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த மனுசன் தன்னிடமே மறைத்துவிட்டார் என்று அன்றுதான் அவர் முடிவு செய்தார். ஜூலையில் மாயாண்டியைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதில் தாயின் இடுப்பில் இங்கு வந்தவருக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது: புறப்பட்டு வா என்று. அதையும் நான்தான் படித்தேன். அதில் எதையும் விடவில்லை. பொய் சொல்லிக் காட்டுக்காரனுக்குச் சோறு போட்டவனோடு தனக்கு வாழ்க்கை இல்லை என்று பதில் எழுதச் சொன்னார் பெத்தம்மாள். எழுதினேன். அதன்பின் கடிதம் இல்லை.

கிழிந்த மீன்களை அதிகாரி வாசலிலேயே எறிந்திருந்தார். யாரும் பார்க்காதபோது அவற்றைப் பொறுக்கி அதே டின்னில் போட்டு வைத்தேன். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர் ஆண்டுகள் ஆக ஆக இளகிவிடும். வெள்ளையும் தேன்நிறமும் உருகிக் கறுப்போடு ஒட்டி ஒரே பிண்டமாயின. ஆனால் கறுப்பு மீனின் கிழிந்த வயிறு மட்டும் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கிறது. பாடம் நடத்தும்போது, பட்டப்பகலில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, பிலாச்சான் மணம் திடீரென்று எழும். வேறு யாருக்கும் அது தெரிவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அது ஓயவில்லை. ஒருமுறை மழைக்குப் பின் லிங்கி ஆற்றுப் பாலத்தில் பேருந்து நின்றபோது கீழே பார்த்தேன். கலங்கிய தண்ணீரின் மேல்பரப்பில், விரல் நீளத்தில் கறுப்பாக ஒன்று, வால் துடிக்க, நீரோட்டத்தை எதிர்த்து நிதானமாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதை இழுக்கும் நூலோ கோலோ கரையில் மனிதரோ இல்லை. பேருந்து புறப்படும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு இன்று புக்கிட் ரம்பாய் போனேன். பெத்தம்மாள் அங்கே தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். கண் நன்றாகத் தெரிகிறது, எழுத்துத்தான் தெரியாது. ஒன்றுகூடலில் யாரோ அவருக்கு அந்த மலரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். காப்பி கொடுத்து, மூன்று மனுக்கள் எழுதிய கையென்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எழுதுனவங்க மேல கோவம் இல்ல சார். என்கிட்டயே மறைச்ச மனுசன்தான? இன்னும் நெனச்சா வயிறு எரியுது. செத்தாரா இருக்காரான்னுகூட விசாரிக்கல நான்."

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருக்கிறேன் என்று சொல்லித் தாள்களைப் பிரித்தேன். பலாக்கட்டையில் மீன் செதுக்கியதைப் படித்தேன். மூன்று நிறங்களைப் படித்தேன். வேலி ஓரம் நின்று மசாலாவைப் பற்றி அவர் கேட்டதைப் படித்தபோது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிராணியின் கேலியைப் படித்து முடித்து, பக்கத்தைத் திருப்பினேன். "சனிக்கிழமை மாலை" என்று என் கையெழுத்து தொடங்கியிருந்தது. என் கண் அதைப் பார்த்தது. என் வாய், இரண்டு பக்கங்களைத் தாண்டி, மனுக்கள் எழுதிய இடத்தைப் படித்தது.

மூன்றாவது முறையாகவும் விட்டுவிட்டேன். நாலாவது முறையும் விடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்; வேண்டுகோளாக அன்று, கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிட் ரம்பாய் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. பெத்தம்மாள் பகலில் அங்கேதான் இருப்பார். போய் அவர் முன்னால் உட்காருங்கள். சனிக்கிழமை மாலை நான் செய்ததையும், வாசலில் மாயாண்டி சொன்னதையும், கடிதத்தின் நான்காம் வரியையும் ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டுங்கள். அவர் போதும் என்று சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.