நடந்து காட்டும் இங்கிலீஷ்

அருள்பாண்டிக்கு இங்கிலீஷ் வரும் என்பதில் திருப்பரங்குன்றத்தில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அருள்பாண்டிக்கு மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் அவனுடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருந்தது. வெளிநாட்டுக்காரர் யாரோடும் அவன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைத் தூரத்தில் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். ஆனால் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரன். அதில் பொய் சொல்லக் கூடாது. ஒரே வினைச்சொல் பின்னால் வருகிற சின்ன வார்த்தைக்குத் தக்கபடி மேலே ஏறும், கீழே இறங்கும், உள்ளே போகும், வெளியே வரும். இதைப் புத்தகத்தை வைத்து நடத்தினால் எவனும் கொட்டாவிதான் விடுவான். அருள்பாண்டி தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை வைத்தான். 'கோ இன்' என்றால் வட்டத்துக்குள் போக வேண்டும். 'கம் அவுட்' என்றால் வெளியே. 'கெட் அப்' என்றால் ஸ்டூல் மேல் ஏற வேண்டும், 'கோ ரவுண்ட்' என்றால் வட்டத்தைச் சுற்ற வேண்டும். சொன்ன மாத்திரத்தில் உடம்பு போக வேண்டும், நடுவில் யோசனையே கூடாது. யோசித்தவருக்கு, வயசு எதுவானாலும், மூன்று தோப்புக்கரணம்.

இதில் எல்லாரையும் மிஞ்சியவர் காளை. நாற்பத்து மூன்று வயது. கப்பலூரில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. படிப்பு எட்டாவது பெயில். எழுதச் சொன்னால் பேனா நடுங்கும். ஆனால் வாத்தியார் சொல்லி வாய் மூடுவதற்குள் ஸ்டூல் மேல் நிற்பார். ஒரு நாளும் தோப்புக்கரணம் போட்டதில்லை. தன்னைவிட ஒன்பது வயது சின்னவனான அருள்பாண்டியை வாய் நிறைய 'சார்' என்பார். "பேரச் சொல்லியே கூப்புடுங்கண்ணே" என்று அவன் சொன்னதற்கு, "வாத்தியார எப்படி சார் பேரச் சொல்றது?" என்று கோபித்துக்கொண்டார்.

அந்த வகுப்பில் இன்னொரு பாடமும் உண்டு. புரியவில்லை என்று ஒருவரும் சொல்லக் கூடாது. "மொதல்ல எஸ்னு மண்டைய ஆட்டுங்க. தைரியம் வந்துட்டா இங்கிலீஷ் தன்னால வரும்" என்பான் அருள்பாண்டி. இது மட்டும் அவன் புத்தகத்தில் படித்ததல்ல, சொந்த அனுபவம்.

அந்தப் பாடம்தான் அவனைக் கப்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போனது. காளையின் கம்பெனியில் புது மெஷின் இறக்கினார்கள். அதை மாட்டிக் கொடுக்க இத்தாலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெர்சனல் ஆபீசர் ஹரிராம், காளையிடம் நம்பர் வாங்கிப் போன் போட்டு, "ரெண்டு நாள் கூட இருந்து அவரு சொல்றத நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும் சார், முடியும்ல?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மெஷின் வேலை எனக்குப் பழக்கமில்லை என்று கௌரவமாகவே நழுவியிருக்கலாம். அருள்பாண்டி "எஸ் சார்" என்றான். எங்க வாத்தியார் வாரார் என்று காளை கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் நாள் எப்படியோ ஒப்பேறியது. இத்தாலிக்காரர் மூக்கால் பேசினார், அதுவும் மின்னல் வேகத்தில். பத்துக்கு இரண்டு வார்த்தைதான் அருள்பாண்டிக்குப் பிடிபட்டது. மீதியை அவருடைய கைஜாடை பார்த்துக்கொண்டது. இரண்டாம் நாள் மத்தியானம் ஹரிராம் வந்து நின்று, தன் செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். அருள்பாண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் மாணவர் இங்கிலீஷில் சொன்னாலே வேலை செய்துவிடுவார் என்று காட்ட ஆசைப்பட்டு, தமிழை விட்டுவிட்டு, வகுப்பில் கூப்பிடுவது போலவே இங்கிலீஷில் கூப்பிட ஆரம்பித்தான்.

பிளாஸ்டிக்கை வார்க்கிற, ஐந்நூறு கிலோ எடையுள்ள இரும்பு அச்சு ஒன்று செயின் பிளாக் என்கிற சங்கிலித் தூக்கியில் தொங்கியது. காளையோடு வேலை பார்க்கும் சிவபாண்டி சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அதை இறக்கினான். காளை பக்கத்தில் நின்று அது ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அச்சு மெஷினுக்குள் உட்காரப் போகிற நேரத்தில் இத்தாலிக்காரர் என்னவோ நீளமாகச் சொன்னார். பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் அருள்பாண்டிக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடக் கேட்கத் தெரியும். ஆனால் ஹரிராமின் செல்போன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "எஸ், எஸ்" என்றான். அச்சு கொஞ்சம் சாய்ந்தாற்போல் பட்டது. அதை நேராக்கச் சொல்கிறார் போல என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டு, "காளை! புட் யுவர் ஹேண்ட் இன்!" என்று கத்தினான்.

காளை யோசிக்கவில்லை. வலது கை உள்ளே போயிற்று. சிவபாண்டி சங்கிலியை விட்டான்.

மூன்று விரல்கள் போய்விட்டன. ஹரிராமின் செல்போனில் படம் விழுந்திருந்தது, மெஷின் சத்தத்தில் பேச்சு ஒன்றும் விழவில்லை.

மறுநாள் அருள்பாண்டி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனான். காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்த காளை அவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க சார். ஒங்க பேரக் கெடுத்துப்புட்டேன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்த வெள்ளக்காரரு கைய வெளிய எடுன்னுதான் சொன்னாராம்ல, ஹரிராம் சார் சொன்னாரு. அப்ப நீங்களும் அதத்தான சொல்லியிருப்பீக? இந்தக் கூறுகெட்டவன் காதுல உள்ளன்னு விழுந்திருக்கு."

கட்டில் பக்கத்தில் நின்ற சிவபாண்டி மெதுவாக வாயைத் திறந்தான். "இல்லண்ணே, எனக்கும் 'இன்'னுதான் கேட்டுச்சு."

காளைக்கு வந்ததே கோபம். "ஒனக்கும் எனக்கும் என்னடா தெரியும்? சார் பன்னெண்டு வருசமா நடத்துறாரு. அவரு தப்பாச் சொல்லுவாராக்கும்?"

சிவபாண்டி அருள்பாண்டியைப் பார்த்தான். "சும்மா இருப்பா, அண்ணன் தூங்கட்டும்" என்றான் அருள்பாண்டி. பழப் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தான். அவன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பஸ் ஏறிவிட்டான்.

பத்து நாள் கழித்து கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். படியேறும்போது ஹரிராம் அவனை ஓரமாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"இம்புட்டுத்தான் சார். சொன்னவங்க தப்புன்னா அது கம்பெனி ஏற்பாட்டுல வந்த தப்பு. காளைக்கு ஸ்டோர்ல ஒக்காந்து பாக்குற வேலை குடுத்து வச்சுக்குவோம். சொன்னதக் கேக்காம அவராக் கைய விட்டாருன்னா, கான்ட்ராக்ட்காரரு பேர அடிச்சிருவாரு. நீங்க சொல்றதுதான் கணக்கு. படத்துல பேச்சு ஒண்ணும் கேக்கல. சிவபாண்டி சங்கிலிய விட்டவன், தன்னக் காப்பாத்திக்கச் சொல்றான்னு அவன் பேச்ச எடுத்துக்க மாட்டாங்க."

அருள்பாண்டி இந்தத் தடவை உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தான். காளைக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்பது அவனுக்குத் தெரியும். மேலே போனால் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் இருந்தார். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. பக்கத்தில் இத்தாலிக்காரர். கதவோரம் பெஞ்சில் காளை, வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு நீங்கள் சொன்னது என்ன என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார்.

பாவிக்கு அப்போது இங்கிலீஷ் வந்தது. பன்னிரண்டு வருடம் தொண்டைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது, ஒரு திக்கல் திணறல் இல்லாமல் வந்தது. அச்சு எப்படிக் கீழே இறங்கி வந்தது, இன்ஜினியர் எப்படி முன்னால் குனிந்து சொன்னார், கையை வெளியே இழுத்துக்கொள்ளும்படி தான் எப்படி இரண்டு தடவை உரக்கக் கூவினான், அந்தத் தொழிலாளி எப்படி அதைக் கேளாமல் கையை உள்ளே விட்டார் என்று ஒவ்வொரு அசைவையும் சொன்னான். ஏறுவதும் இறங்குவதும் போவதும் வருவதும் அதனதன் இடத்தில் பிசகாமல் உட்கார்ந்தன. இத்தாலிக்காரர் முதல் தடவையாக அவன் பேச்சைப் புரிந்துகொண்டு தலையசைத்தார். மேனேஜர் எழுதிக்கொண்டே போனார். இவ்வளவு நல்ல இங்கிலீஷை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அன்றைக்கு இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஏன் கேட்கவில்லை என்று நமக்கே வயிறு எரிகிறது.

கதவோரத்தில் காளை வாய் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேச்சில் அவருக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று வந்தது. "ஆமா சார், அவுட்டு. அவுட்டுன்னுதான் சொன்னாரு" என்று எழுந்து நின்று சாட்சி சொன்னார். அதையே எழுதிய காகிதத்தை ஹரிராம் நீட்டினார். வலது கையால் கையெழுத்துப் போட முடியாததால் காளை இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

வெளியே வந்ததும் அந்த மை விரலோடேயே அருள்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பெருமையில் கலங்கிய கண் அது.

"எம்புட்டு அழகாப் பேசுனீக சார்! அந்த வெள்ளக்காரரே அசந்துட்டாரு. நம்ம வாத்தியாருன்னு நெஞ்சு நெறஞ்சுபோச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒரு ஒதவி சார். நாளையிலருந்து எனக்கு வேலை இல்ல. சாயங்கால வகுப்பு வரைக்கும் வீட்ல சும்மா கெடக்கணும். காலையில நடக்குற வகுப்புக்கும் வந்து ஒக்காந்துக்கிறவா?"