பின்கழுத்துக் கொக்கி

வெர்னீஸ் முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த வெளிர்நீல கவுன் அவளுடையதல்ல. அவளோடு ஒரே வகுப்பில் படிக்கும் டோனாவுடையது. கீழே மண்டியிட்டு, விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள் தையற்காரியான அவள் அம்மா ஓசெல்லா. வாயில் நாலைந்து குண்டூசிகள். அவை இருக்கும்வரை பேச வேண்டியதில்லை. அது அவளுக்கு அன்றைக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது.

டோனாவின் அம்மா திருமதி திக்பென் துணியையும் அளவுகளையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கறுப்பர் தெருவுக்கு மகளை அடிக்கடி அழைத்துவர மனமில்லை. அளவு சரியாக இருந்தாலும் விளிம்பு மடிக்க ஓர் உடம்பு வேண்டுமே. இரண்டு பெண்களும் ஒரே உயரம், ஒரே இடுப்பு. ஓசெல்லாவுக்கு வேறு வழி தோன்றவில்லை.

கறுப்பருக்கொன்று, வெள்ளையருக்கொன்று என்றிருந்த ஊரின் இரண்டு பள்ளிக்கூடங்களும் கோர்ட் உத்தரவால் போன வருஷம்தான் ஒன்றாயின. ஒரே வகுப்பு, ஒரே தண்ணீர்க்குழாய் என்றாகிவிட்டது. வருஷக் கடைசி நடன விருந்து என்று வந்ததும் பள்ளிக்கூடம் கையைக் கழுவிவிட்டது. வெள்ளைக்காரப் பெற்றோர் கிளப்பை வாடகைக்கு எடுத்து, தங்கள் பிள்ளைகளை மட்டும் அழைத்தார்கள். சாமர்த்தியத்துக்கா குறைச்சல்? சொந்த விருந்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை!

"விருந்துக்கான காகிதப் பூவெல்லாம் நானும் டோனாவும்தாம்மா வெட்டினோம்," என்றாள் வெர்னீஸ். "இப்ப அது மட்டும் கிளப்புக்குள்ள போயிடும். இல்ல?"

"ம்," என்றாள் ஓசெல்லா, ஊசிகளைக் கடித்தபடி.

இந்த வேலையை மறுத்தால் திருமதி திக்பெனின் சிநேகிதிகள் தரும் தையல் வேலையும் போய்விடும். காரணம் என்னவோ நியாயமானதுதான். ஆனால் துணியை வாங்கியபோது, எவ்வளவு நல்ல சாட்டின் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாளே, அதை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். நாளைக்கு வருவதாகச் சொன்ன திருமதி திக்பென் இன்றைக்கே வந்துவிட்டாள். ஓசெல்லா ஊசிகளைத் துப்பினாள்.

"கழட்டுடி, சீக்கிரம்! திரைக்குப் பின்னால போய் நில்லு. உன் மேல பாத்தா அந்தம்மா இதத் தொடவே மாட்டா."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. போன வருஷம் பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக்காரக் கூட்டம் வசைபாடியபோது, "தலையக் குனியாத, நின்ன எடத்துல நில்லு" என்று மகளிடம் சொன்னதும் இதே வாய்தான். வெர்னீஸ் கவுனைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, உள்பாவாடையோடு திரைக்குப் பின்னால் போனாள்.

"இன்னிக்கே பாக்கணும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கிறா," என்றபடி டோனாவோடு உள்ளே வந்த திருமதி திக்பென் கவுனைத் தொட்டாள். "என்ன ஓசெல்லா, துணி வெதுவெதுன்னு இருக்கு?"

"இப்பத்தான் இஸ்திரி போட்டேன், மேடம்."

"அப்படியா. டோனா, அந்தத் திரைக்குப் பின்னால போய்ப் போட்டுட்டு வா."

டோனா கவுனோடு திரையை விலக்கி உள்ளே போனாள். கூச்சல் வரும் என்று காத்திருந்தாள் ஓசெல்லா. துணி சரசரத்ததைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

டோனா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கவுன் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"அடேயப்பா! இவள நிக்க வச்சுப் பாக்காமலே எப்படி ஓசெல்லா தச்சே? மந்திரக்காரிதான் போ!" திருமதி திக்பென் மகளைத் திருப்பிப் பார்த்தாள். "பின்கழுத்துக் கொக்கியக்கூடப் போட்டிருக்கியே. உனக்குக் கை எட்டாதே?"

டோனா தரையைப் பார்த்தாள். "எட்டுச்சும்மா," என்றாள்.

ஓசெல்லா அவசரமாக ஊசிகளைப் பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டு டோனாவின் காலடியில் மண்டியிட்டாள். அங்கிருந்து பார்த்தால் திரைக்குக் கீழே வெர்னீஸின் வெறுங்கால்கள் தெரிந்தன. பின்னால் போ என்று ஓசெல்லா தரையில் விரலால் தட்டினாள். கால்கள் நகரவில்லை. கால்விரல்கள் இந்தப் பக்கம் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே நின்றன.